சித்திரத் துப்பாக்கியும் சீமான் பெருமையும்

அரிய பொருள்! அழகுப் பொருள்! நூறாண்டு கடந்த இரட்டைக்குழல் துப்பாக்கி! இரும்பிலே இலையும் கொடியும், பாயும் நாயும் பறக்கும் காடையும் செதுக்கிய சித்திர வேலை! சேகரிப்போர் முந்துக!

இப்படிக் கூவுகிறது பழம்பொருள் சந்தை. கூடவே, 'ஜமீன் அரண்மனையிலிருந்து வந்தது' என்ற ஒரு வரி சேர்ந்துவிட்டால் போதும், விலையும் ஏறுகிறது, வியப்பும் ஏறுகிறது. வீரப் பரம்பரையின் சின்னம் என்கிறார்கள். ஆண்டவர் கை பட்ட ஆயுதம் என்கிறார்கள். கேட்கும் இளைஞன் மீசையைத் தடவிக்கொள்கிறான்.

வீரமா? எவருடைய வீரம்? யாரை எதிர்த்துச் சுட்ட துப்பாக்கி அது? இந்தக் கேள்வியைச் சங்கரன்கோவில் வட்டாரத்தார் கேட்காமல் வேறு யார் கேட்பது?

நம் ஊருக்கு அருகே இருக்கிறது நெற்கட்டும்செவல். 1755இல் கர்னல் ஹெரான் கும்பினிப் படையோடு வந்து அந்த மண்கோட்டையைத் தகர்க்க முடியாமல் திரும்பினான். 1761இல் யூசுப்கானின் பீரங்கிகள் வந்த பிறகே அது வீழ்ந்தது. அங்கே நின்று போரிட்ட பூலித்தேவனின் துப்பாக்கி எந்த ஏலக் கடையில் இருக்கிறது? ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி என்று மக்கள் கதைகள் போற்றும் படைத்தலைவர்களின் வாள் எந்தச் சீமானின் சுவரில் தொங்குகிறது? எங்கும் இல்லை! போரிட்டவன் ஆயுதம் பறிக்கப்பட்டது. பணிந்தவன் ஆயுதம் பளபளக்கிறது. இதுதான் இரட்டைக்குழலின் இரகசியம்!

பூலித்தேவனுக்கு நம்மவர் செய்த சிறப்பு என்ன? கைதியாக வந்தாராம், சங்கரநாராயணர் கோயிலுக்குள் தொழச் சென்றாராம், விலங்கு அறுந்ததாம், சோதியிலே கலந்தாராம்! வெடிமருந்தையும் வேல் கம்பையும் நம்பிப் போரிட்ட மாவீரனைக் கற்பூரப் புகையிலே கரைத்துவிட்டார்கள். எதிரி அவன் கோட்டையை இடித்தான். புராணிகனோ அவன் வரலாற்றையே இடித்தான்.

1799ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மே மாதம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பாளையக்காரர் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பானர்மன் ஆணையிட்டான். 1801இல் மருது சகோதரரும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர், கோட்டைகள் தரைமட்டமாயின. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. பாளையக்காரன் கையில் இருந்தது படை; ஜமீன்தார் கைக்கு வந்தது பட்டா. கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்திற்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்திலே பங்கும் கிடைத்தது!

1878இல் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார். ஒன்று தாய்மொழி இதழ்களின் வாயை அடைத்தது. மற்றொன்று, ஆயுதச் சட்டம், இந்நாட்டான் கையைக் கட்டியது. வெள்ளையனுக்கு அந்த ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு. கறுப்பனுக்கு உரிமம் வேண்டும். உரிமமோ விலக்கோ பெற்ற நம் நாட்டவர் யார்? ஆட்சிக்கு வேண்டியவர், பட்டம் பெற்றவர், பெருநிலக்காரர். அந்த நாளிலே அவர்கள் வாங்கிய சித்திரத் துப்பாக்கி வீரத்தின் சின்னமன்று, விசுவாசத்தின் ரசீது!

லண்டனில் பர்டி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு, பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற கம்பெனிகளுக்கு இந்திய மன்னர்கள் பெரும் வாடிக்கையாளராக இருந்தனர். மன்னர் நடந்த வழியில் ஜமீன்களும் நடந்தன. பணம் எங்கிருந்து போயிற்று? குடியானவன் அளந்த வாரத்திலிருந்து! துப்பாக்கி நடுவே மடிந்து திறக்கும். இரண்டு தோட்டாவை இட்டு மூடினால் இருமுறை சுடலாம். சுட்டது எதை? காடையை, கௌதாரியை, முயலை! பறையடித்துப் புதரைக் கலைத்தவன் ஏழை. பரண்மீது அமர்ந்து குறி பார்த்தவர் எசமான். படத்திலே நின்றவரும் அவரே!

'கலையையும் வெறுக்கிறீர்களா?' என்பார்கள். இல்லை. இரும்பிலே இலை நெளியச் செதுக்கிய கையை வணங்குகிறோம். ஆனால் துப்பாக்கியைப் பாருங்கள்: கம்பெனியின் பெயர் இருக்கும், செதுக்கிய தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் இராது. கலையைப் போற்றுவோர் முதலில் அந்தக் கலைஞனைத் தேடட்டும்!

'பழம்பொருளைக் காக்க வேண்டாமா?' என்பார்கள். காக்கத்தான் வேண்டும், ஆனால் யாருக்காக? திப்புவுக்காக 1793-94இல் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. மீண்டும் மருந்திடாமலே இருமுறை சுடத்தக்கது. மதிப்பு 20 லட்சம் பவுன். 2023இல் அது பிரிட்டனை விட்டுப் போகாதபடி அந்நாட்டு அரசே ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தியது. நம் மண்ணிலே செய்த துப்பாக்கி தம் நாட்டைவிட்டுப் போவது இழப்பு என்று அவர்கள் கலங்குகிறார்கள்; நாமோ இருப்பதை விலை பேசுகிறோம்! இங்கே 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ, பழுது பார்த்தாலும் சுட இயலாத பழைய ஆயுதத்துக்கே விலக்களிக்கிறது. சுடத்தக்கது, எத்துணைச் சித்திரம் இருந்தாலும், ஆயுதமே.

துப்பாக்கிக் கதைக்கு இத்தனை சினம் எதற்கு? சொல்கிறோம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று, 'ஆண்ட பரம்பரை' என்ற நோய் மட்டும் போகவில்லை. எசமானின் துப்பாக்கியைத் தன் சாதியின் துப்பாக்கியாக எண்ணிக்கொள்கிறான், எசமானின் வயலிலே கூலிக்கு நின்றவனின் பேரன்! வகுப்பறையிலே நாம் பாடம் நடத்துகிறோம். மாணவர் மணிக்கட்டிலோ சாதிக்கொரு வண்ணத்தில் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே, உடன் பயின்ற மாணவரே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறு வேண்டாம் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிறு அறுக்கலாம், பொய்ப் பெருமையை அறுப்பது எப்போது? துப்பாக்கிக்குப் பூப்போடும் மனம்தான் அரிவாளுக்கும் பிடிபோடுகிறது!

ஆகவே தோழர்களே, உடைக்கச் சொல்லவில்லை, உருக்கவும் சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி அரசு அருங்காட்சியகத்துக்கு வரட்டும். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கட்டும். கீழே உண்மையை எழுதுவோம்: 'உழுதவன் பணம் கொடுத்தான்; பெயரறியாத் தொழிலாளி செதுக்கினான்; பணிந்தவர் பிடித்திருந்தார்.' பக்கத்திலே இன்னொரு பேழை வைப்போம். அது வெறுமையாகவே இருக்கட்டும். அதன் கீழே, 'எதிர்த்து நின்றவர்களின் ஆயுதங்கள். பறிக்கப்பட்டன' என்று பொறிப்போம்.

மாணவர்களை அழைத்துச் செல்வோம். எந்தப் பேழைமுன் தலை நிமிர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்!