மரபுத்தொடருக்குப் பொருள் மட்டும் போதுமா?

ஆங்கில மரபுத்தொடர்களை உருப்போடாத மாணவர் நம்முள் அரியர். ஒரு பக்கம் தொடர், மறு பக்கம் பொருள் என நூறு, இருநூறு எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறோம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்விலும் இவ்வகை வினாக்கள் இடம்பெறுகின்றன. ஆதலின் இவ்வுழைப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்க உதவும் அறிவு, நாலு பேர் நடுவே நாவைத் திறக்கவும் உதவுமா என்பதே என் வினா.

மரபுத்தொடரில் சொற்களைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் பொருள் கிட்டாது. 'கிக் தி பக்கெட்' என்பதில் வாளியும் உண்டு, உதையும் உண்டு. பொருளோ சாவு! நம் தமிழில் 'மண்டையைப் போட்டான்' என்பதும் இத்தகையதே. பட்டியலில் அதற்கு நேராக 'இறத்தல்' என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி, தந்தையை இழந்த மேலதிகாரிக்கு இத்தொடரை இட்டு ஒருவர் இரங்கல் கடிதம் எழுதினால் என்ன ஆகும்? பொருளில் பிழையில்லை, இலக்கணத்திலும் பிழையில்லை. ஆயினும் படிப்பவர் நெஞ்சு புண்படும். ஏனெனில் அது நண்பர்களிடையே விளையாட்டாகப் பேசும் தொடர். இரங்கல் கடிதத்துக்கு ஏற்றது 'பாஸ்டு அவே' என்பது.

இந்த நுட்பம் நமக்குப் புதிதா? ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம் எனத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். எந்தச் சொல்லை எங்கே சொல்வது என்னும் கல்வி, தமிழ் வழியில் பயின்று வந்த மாணவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில வகுப்பு என்றதும் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நுழைவானேன்?

தொடர் பிறந்த மண்ணையும் அறிதல் வேண்டும். 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பது ஆங்கிலேயர் வழக்கு. வட இங்கிலாந்திலுள்ள நியூகாசில், பல நூற்றாண்டுகளாக லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி அனுப்பிய ஊர். அங்கேயே நிலக்கரியைச் சுமந்து செல்வது வீண்வேலை அல்லவா? 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே! அவர்கள் சுரங்கத்தைக் கண்டார்கள்; நாம் உலைக்களத்தைக் கண்டோம். 'ரெட் டேப்' என்பது ஆங்கில அலுவலகங்களில் ஆவணங்களைக் கட்டிய சிவப்பு நாடா. அந்தக் கட்டு அவிழ ஆன தாமதமே பொருளாயிற்று. 'முதலைக் கண்ணீர்' ஆங்கிலத்திலும் உண்டு. நமக்கோ, வஞ்சம் தீர்க்க வணிகனின் மனைவிபோல் வேடமிட்டு அழுத பழையனூர் நீலியின் கண்ணீரும் உண்டு. இப்படிக் கதையோடும் நம் வழக்கோடும் இணைத்துக் கற்ற தொடர் தேர்வு முடிந்த மறுநாளே மறந்து போகாது.

ஆகவே நண்பர்களே, நம் குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் போதா. தொடர், பொருள், பிறந்த இடம், பேசும் இடம், ஒத்த தமிழ் வழக்கு என ஐந்து கட்டங்கள் வரைவோம். நாளுக்கு ஒன்று எழுதினாலும் ஆண்டுக்கு 365 ஆகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் நம்முள் பலர். நேர்முகத் தேர்வில் ஒரு தொடர் புரியவில்லை என்றால் தம் அறிவே குறைந்தது போல் கூசி நிற்கின்றனர். மரபுத்தொடர் என்பது பழக்கம். அறிவின் அளவுகோல் அன்று. புரியாததைப் பணிவோடு கேட்பதும், தெரிந்ததை எளிய ஆங்கிலத்தில் சொல்வதும் இழுக்காகா. இருநூறு தொடர்களை நெஞ்சில் பூட்டி வாய் மூடி நிற்பதினும், இருபதை இடமறிந்து ஆள்வது மேல்.