எல்லா வயித்து வலியும் வாய்வு இல்லீங்க

எட்டு நாளா தோட்டத்துப் பக்கம் போகலீங்க. மஞ்சளுக்குத் தண்ணி கட்டுனது பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். நான் தம்பியோட ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

தம்பிக்கு 41 வயசு. பத்து வருசமா வயித்து வலி. வயிறு நிறையச் சாப்பிட்டா இடது பக்கம் முறுக்கும், ஒரு மணி நேரத்தில் தானா விட்டுடும். நாங்க வச்ச பேரு வாய்வு. ஓமத்தண்ணி, பூண்டு, சோடா. வயித்து ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அதுக்கப்புறம் 'உனக்கு மனசுலதான் நோவு'ன்னு நானே அவனைக் கேலி பேசியிருக்கேன்.

போன வாரம் கெடா விருந்துக்குப் போய்ட்டு வந்த ராத்திரி வந்த வலி விடவே இல்ல. பச்சையா வாந்தி. கொடலேத்தம்னு சொல்லி ஒரு பாட்டி விளக்கெண்ணெய் தடவி வயித்தை வழிச்சு விட்டாங்க. விடிஞ்சும் அடங்கல. 108-ஐக் கூப்பிட்டோம்.

டாக்டர் முதல்ல கேட்டது, "காத்து பிரிஞ்சுதா?" தம்பி வெக்கப்பட்டுக்கிட்டு வாயே திறக்கல. மாடு வயிறு உப்பி நின்னா சாணி போட்டுச்சான்னுதானே முதல்ல பார்க்கிறோம்? மனுசன்கிட்டக் கேக்கத்தான் நமக்குக் கூச்சம்.

சி.டி. ஸ்கேன்ல தெரிஞ்சுது, உள் குடலிறக்கம். நமக்குத் தெரிஞ்ச குடலிறக்கம் தொப்புள்லயோ தொடை இடுக்குலயோ வீங்கித் தெரியும். இது வெளிய தெரியாது. தாய் வயித்துல இருக்கும்போது குடல் சுத்தித் திரும்பி அதனதன் இடத்துல ஒட்டணுமாம். அது சரியா ஒட்டாம ஒரு பை மாதிரி சந்து விழுந்திருக்கு. சிறுகுடல் அதுக்குள்ள போறதும் வர்றதுமா இருந்திருக்கு. வெளிய வந்த பிறகு ஸ்கேன் எடுத்தா என்ன தெரியும்? எண்டோஸ்கோபி குழாயும் அவ்வளவு தூரம் போகாது.

வயித்தைத் திறந்து குடலை வெளிய இழுத்தப்ப நீலம் பாரிச்சுக் கிடந்துச்சாம். வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போட்டு மூடி வச்சு, நிறம் திரும்புதான்னு பார்த்திருக்காங்க. திரும்புச்சு. அதனால வெட்டல. சந்தை மட்டும் தைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா அழுகிப்போன குடலை அறுத்து எடுத்திருக்கணும்.

நான் சொல்றது இதுதாங்க. இது அபூர்வமான நோவு, எல்லாருக்கும் வராது. ஆனா திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வலி வந்தா, வலி இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விட்ட பிறகு போய் 'இப்ப பரவாயில்ல டாக்டர்'னு சொல்லாதீங்க. வாந்தியோட காத்தும் பிரியலன்னா கொடலேத்தம் பார்க்க யாரையும் வயித்துல கை வைக்க விடாதீங்க. பாட்டி மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களைக் கூட்டிட்டு வந்ததே நான்தான்.

மூணாம் நாள் காத்து பிரிஞ்சுதுன்னு தம்பி வார்டுக்கே கேக்கற மாதிரி சொன்னான். அப்புறந்தான் கஞ்சித்தண்ணி குடுத்தாங்க.