பச்சை முக்கோணம் ஏரியைக் காக்காது

தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம், படப்பை பக்கம் மனைப்பிரிவுகளுக்குத் தப்பிய வயல்களில் இன்னும் நெல் விளைகிறது. வயலின் வடிகால் ஏரிக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் கலங்கல் வழிந்தால் அது அடையாறு. சம்பாவுக்கு மருந்து அடிக்கும் மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களும். காலையில் அடித்தது மாலை மழையில் வாய்க்காலுக்கு வந்துவிடும். அடையாற்றைக் கெடுப்பதில் சாக்கடைக்கே பெரும்பங்கு என்பது உண்மை. அதற்காக, ஆறு இன்னும் உயிரோடு இருக்கும் மேற்பகுதியைக் கைவிட முடியாது.

மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு முக்கோணம் இருக்கும். பச்சை என்றால் நஞ்சு குறைவு என்று நம்பி வாங்குகிறோம். யாருக்குக் குறைவு? அந்த நிறம், சோதனை விலங்குகளின் வாயிலும் தோலிலும் மருந்து பட்டால் என்ன ஆகும் என்பதை வைத்துத் தரப்படுவது. அடிப்பவரின் உயிருக்கு அது அவசியமான எச்சரிக்கை. மீனைப் பற்றி அது பேசுவதே இல்லை.

இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கப்படும் குளோரான்ட்ரனிலிப்ரோல் பச்சை முக்கோண மருந்து. மனிதருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு கலந்தாலே, நீர்த்தெள்ளுகளில் பாதி இரண்டு நாளில் முடங்கிவிடும். மீன்குஞ்சுகளுக்கு இரையே அந்தத் தெள்ளுகள்தான். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளோ மீனையே நேராகக் கொல்லும். போதாததற்கு, சிலந்திகளையும் அழித்து, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பெருக்கிவிடும். ஏரிப் பாசன நெல்லில் அவற்றுக்கு இடமே இருக்கக் கூடாது.

1986இல் இந்தோனேசியா, புகையான் பெருகியதைக் கண்டு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் விழவில்லை. நம் வயலிலும் நட்ட முதல் சில வாரங்களில் இலை சுருண்டாலும் பயிர் தூர்கட்டி ஈடுசெய்துவிடும்; அப்போது அடிப்பது பெரும்பாலும் வீண். பிறகும் தேவைப்பட்டால், புழுக்களின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவி அட்டை, ஏக்கருக்குப் பத்துக் கிலோ வேப்பம்பருப்பில் எடுத்த சாறு. வேம்பும் நேராக ஏரியில் கொட்டத்தக்கதல்ல, ஆனால் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதுவும் போதாதபோதுதான் ரசாயனம். அப்போதும் மழை மேகத்தைப் பார்த்து, வரப்பு மடையை அடைத்துவிட்டு.

ஐரோப்பாவில் நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்தான மருந்து டப்பாக்களில் பட்ட மரமும் செத்த மீனும் வரைந்த குறி உண்டு. உள்ளே மடித்து வைத்த துண்டுச் சீட்டின் பொடி எழுத்தை நம்பியிராமல், நம் முக்கோணத்துக்குப் பக்கத்திலும் அப்படியொரு மீனை அச்சிட ஒன்றிய அரசு விதியைத் திருத்த வேண்டும். அதுவரை காத்திருக்காமல், வேளாண்மைத் துறை இந்தச் சம்பாவுக்கு முன்பே ஏரியோர ஊர்களின் மருந்துக் கடைகளில், மீனுக்கும் நீர்த்தெள்ளுக்கும் ஆகாத மருந்துகளின் பட்டியலை ஒட்டலாம்.