பறையின் ஒலி வேண்டும், பெயர் வேண்டாமா?

பறையின் ஒரே ஓர் அடியைப் பதிவு செய்து கீபோர்டின் எல்லாக் கட்டைகளுக்கும் பரப்பிவிட்டு, "பறை ரெடி" என்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? பதிவு செய்த கட்டையிலிருந்து 12 கட்டை மேலே போனால் சாம்ப்ளர் அதே ஒலியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறது. சுருதி ஏறுகிறது, ஒலி பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது பறை அல்ல, பறையின் கேலிச்சித்திரம்.

பறையில் அடிக்குச்சி வேறு, சுண்டுக்குச்சி வேறு. நடுவில் விழும் அடி வேறு, ஓரத்தில் விழும் அடி வேறு. தீயில் காய்ச்சிய உடனே எழும் ஒலி, தோல் தளர்ந்த பிறகு வருவதில்லை. ஒவ்வொன்றையும் மெல்லியது முதல் வலியது வரை தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனிக் கட்டையில் வைக்க வேண்டும். அழுத்தத்தின் வலுவை 1 முதல் 127 வரை பிரித்தறிய மிடி முறையில் வசதி இருக்கிறது. பியானோவுக்கு இந்தப் பொறுமையைக் காட்டுகிறவர்கள் பறைக்கு ஓர் அடி போதும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

1991-இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள். சித்தார் உண்டு, ஷெனாய் உண்டு, ஜப்பானின் தைக்கோ உண்டு. பறை இல்லை. பட்டியலில் இல்லாதது 'ஃபோக் டிரம்', 'குத்து பீட்' என்ற பெயர்களில் பின்வாசல் வழியாக நுழைகிறது. ஒலி உள்ளே வருகிறது, பெயர் வெளியே நிற்கிறது. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

கட்டையில் தோல் இல்லை. ஆகவே மாட்டுத்தோலைத் தொடத் தயங்கும் விரல்களும் கூச்சமின்றி அதை அழுத்துகின்றன. தீட்டு கருவியோடும் அதை அடித்தவரோடும் தங்கிவிடுகிறது. இசை மட்டும் சுத்தமாகக் கைமாறுகிறது.

"சாவு வீட்டில் அடிக்கும் இழிவிலிருந்து இயந்திரம் உங்களை விடுவிக்கிறதே" என்பார்கள். இல்லை. சாதிக் கட்டாயத்தால் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும், அதையே விடுதலைக் கருவியாக மேடையேற்றியவர்களும்தான் நம்மை விடுவித்தார்கள். இயந்திரம் செய்ததெல்லாம் கலைஞரின் கூலியை மிச்சப்படுத்தியதே.

நாம் சாம்ப்ளருக்கு எதிரிகள் அல்ல. நம் பிள்ளைகள் அதைக் கற்க வேண்டும். எந்த அடி எந்தக் கட்டையில் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். நாம் கேட்பது மூன்று. பறையைப் பறை என்றே எழுதுங்கள். அடித்த கலைஞரின் பெயரைப் போடுங்கள். விற்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் அவருக்குப் பங்கு கொடுங்கள். வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துவோருக்கு ராயல்டி உண்டு என்று 2012-இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தமே சொல்கிறது. ஒப்பந்தமே இல்லாமல் ஒரு மதியப் பதிவுக்குச் சில்லறை நீட்டி அனுப்பப்படும் கலைஞரிடம் அதை யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை பதிவுக்கு அழைப்பு வந்தால், காகிதத்தில் கையெழுத்து விழும்வரை குச்சியை எடுக்காதீர்கள்.