அந்தப் போத்தலை எறிந்துவிடாதீர்கள்



மலப் பரிசோதனைக்கென்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சின்னப் போத்தல் கொடுத்தனுப்பினோம். பாதிகூடத் திரும்பி வரவில்லை. ஓர் உம்மா போன் எடுத்து, "எங்கட புள்ளைக்கு வருத்தம் ஒண்டுமில்ல சேர், ஏன் இந்த மானக்கேடு?" என்று கேட்டார்.

வருத்தமில்லாத பிள்ளையின் போத்தல்தான் முக்கியம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி பலருடைய குடலில் ஓர் அறிகுறியும் காட்டாமலே இருக்கும். மலத்தோடு வெளியேறி, குழிக்குப் பக்கத்துக் கிணற்றில் கலந்துவிடும். வயிற்றோட்டக்காரரை மட்டும் சோதித்தால் கணக்குப் பிழைக்கும். தினமும் அது வெளிவருவதுமில்லை. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கேட்கிறார்கள். பாடசாலையில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரைக்கு இது போகாது. குளோரினுக்கும் இலேசில் சாகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சாகும்.

ஒரு விஷயத்தில் நானும் பெற்றோர் பக்கம்தான். முன்பு ஒரு தடவை வந்து எடுத்துப் போனவர்கள் முடிவைச் சொல்லவேயில்லை. இம்முறை பிள்ளையின் முடிவு பெற்றோர் கையில் மட்டும் வர வேண்டும், கிணறுகளின் நிலையை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சம்மதித்திருக்கிறார்கள்.

புதன் காலை வரை நேரமிருக்கிறது. போத்தல் தொலைந்திருந்தால் என்னிடம் வேறு இருக்கிறது.