கல்லறைச் சாவியும் கணக்கேடும்: திருச்சபையில் தலித் தலைமை

திருச்சபைகளில் தலைமைத்துவப் பயிற்சிகளுக்கு இன்று குறைவில்லை. ஆளுமை வளர்ச்சி, மேடைப் பேச்சு, குழுப்பணி என்று இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முகாம்கள் நடத்தப்படுகின்றன. தலித் இளைஞர்களும் அவற்றில் ஆர்வத்துடன் பங்கேற்கிறார்கள். முகாம் முடிந்து ஊர் திரும்பும் அவர்களுக்கு என்ன பொறுப்பு தரப்படுகிறது என்பதே நம் கேள்வி. பாடகர் குழுவில் இடம் உண்டு. கோயிலைக் கூட்டி மெழுகவும் அழைப்பு உண்டு. பங்கின் கணக்கு, கல்லறை நிலம், திருத்தேர் செல்லும் தெரு ஆகியவற்றை முடிவு செய்யும் இருக்கை மட்டும் பல ஊர்களில் அவர்களுக்கு எட்டாமலே இருக்கிறது.

இது வெளியிலிருந்து சுமத்தப்படும் குற்றச்சாட்டு அன்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடி பேரில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்றும் அது குறிப்பிட்டது. ஆயினும் 2022 ஆகஸ்டில்தான் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். அது மகிழ்ச்சிக்குரிய நிகழ்வே. ஆனால், ஒருவர் உச்சிக்குச் செல்வதால் ஊர்க் கல்லறையின் நடுவே நிற்கும் சுவர் தானாக விழுந்துவிடாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் அதற்குச் சாட்சி.

தலித்துகளுக்குத் தலைமை ஏற்கும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று சொல்வோர் உண்டு. வரலாறு அதை மறுக்கிறது. 1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வடிவம் கொடுத்தார். சென்னை குருக்குல் இறையியல் கல்லூரி அதன் முக்கியக் களங்களில் ஒன்றானது. 1990களில் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்த மாசிலாமணி அசரியா, தலித் கிறித்தவர் உரிமையை உலகத் திருச்சபைகளின் அரங்குக்குக் கொண்டு சென்றார். பொறுப்பு கிடைத்த இடத்தில் பக்குவம் வெளிப்பட்டது. பொறுப்பை மறுத்துவிட்டு அனுபவம் இல்லை என்பது, நீரில் இறங்க விடாமல் நீந்தத் தெரியவில்லை என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் திருச்சபைச் சட்டமே காட்டுகிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் பிரிவுப்படி, பங்கு மேய்ப்புப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. ஆயர் விரும்பினால்தான் அது அமைக்கப்படும். 537ஆம் பிரிவு கூறும் நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் விதிகளை வகுப்பவர் ஆயர். ஆகவே, நிதிக்குழுவில் மக்கள்தொகைக்கு ஏற்ப தலித் ஆண்களும் பெண்களும் இடம்பெற ரோமாபுரியின் அனுமதியோ டெல்லியின் சட்டத்திருத்தமோ தேவையில்லை; ஆயரின் ஓர் ஆணை போதும்.

அந்த ஆணை பிறக்காத இடங்களில் நேர்வது என்ன? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டனர். பதிலாக அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் உயிரிழந்தனர். சம பங்கு கிடைத்திருந்தால் தனிப் பங்கு கேட்கும் தேவை எழுந்திருக்குமா?

சட்டமும் இங்கே பாதிக் கதவையே திறந்து வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, சீக்கியரையும் பௌத்தரையும் பின்னர் சேர்த்துக்கொண்ட போதிலும், கிறித்தவரைப் பட்டியல் சாதி வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. ஆனால் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு மதம் பார்ப்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகள் வழிபாட்டிடத்திலும் இடுகாட்டிலும் எவருக்கு எதிராகவும் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்குகின்றன. ஒரே இடர்: 12ஆம் பிரிவு தரும் சட்ட அனுமானம் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே உரியது. எனவே தலித் கிறித்தவர் தீண்டாமையைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் நடைமுறைத் தலைமை எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறோம். பங்குக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேளுங்கள். நிதிக்குழுவில் யார் யார் உள்ளனர் என்று மனுவாக எழுதிக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். அடக்கம் மறுக்கப்பட்ட நாளையும் தேர் திரும்பிச் சென்ற தெருவையும் பதிவு செய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் நிற்கப்போவது அந்தத் தாள்கள்தாம். பயிற்சி பெற்ற இளைஞர்கள் இந்தப் பணியை ஏற்கட்டும். ஆயர்கள், 2016இல் தாங்கள் வெளியிட்ட ஆவணத்தை ஒவ்வொரு பங்கின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி, அதை நிறைவேற்றும் நாளையும் அதன் கீழே குறிக்கட்டும்.