கோடி ரூபாய் நம் ஊர் வாசலுக்கு வந்ததா?

"சுகாதாரத்துக்கு இத்தனை கோடி ரூபாய் ஒதுக்கீடு" என்று டி.வி.யில் செய்தி வாசிக்கும்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? குழம்பு கொதித்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போய்விடுகிறோம். கோடிக் கணக்கெல்லாம் ஆண்கள் பேசிக்கொள்ளட்டும் என்ற நினைப்பு. ஆனால் சகோதரிகளே, அது நம் வீட்டுக் கணக்குதான். சோப்பு, பிஸ்கட் என்று எதை வாங்கினாலும் அந்த விலையில் வரியும் சேர்ந்துதான் இருக்கிறது. கொடுத்த பணம் நம் ஊர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்ததா என்று கேட்க, நமக்கில்லாத உரிமை வேறு யாருக்கு உண்டு?

எங்கள் மேச்சேரிப் பக்கம் மேட்டூர் அணைக்கு அருகிலேயே இருந்தாலும் வானம் பார்த்த பூமிதான். கடலை, சோளம், ராகி இவைதான் வெள்ளாமை. இதோடு ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படும் மேச்சேரி ஆடு. இங்கே பல வீடுகளுக்கு ஆடுதான் பாங்கி. பெண்ணுக்குச் சீர் என்றாலும் ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டியது, மருமகளுக்குப் பிரசவம் என்றாலும் ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டியது. அது போதாவிட்டால் தோட்டையும் சங்கிலியையும் அடகுக் கடைக்குக் கொண்டு போவார்கள். பக்கத்திலேயே காசு வாங்காத ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் இந்தக் கடன் என்றுதான் நான் கேட்கிறேன்.

தர்மம் இல்லை, கண்ணு!

எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண். தலைச்சன் பிரசவம், ஐந்தாம் மாதம். எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தேன்.

"எங்க அத்தை தர்மாஸ்பத்திரி வேண்டாங்கறாங்கக்கா. நாலு பேரு என்ன நினைப்பாங்கன்னு கேக்கறாங்க. ஆட்டை வித்தாவது பிரைவேட்டுக்குப் போயிடலாம்னு இருக்கோம்" என்றாள்.

"தர்மாஸ்பத்திரின்னு எவ கண்ணு சொன்னது? உங்க வீட்டுக்காரர் வாங்கற சட்டைத் துணியில இருந்து நீ போடற சோப்பு வரைக்கும் வரி கட்டறீங்க. அந்தக் காசுலதான் அங்க நர்சம்மாவுக்குச் சம்பளம். முதல்ல ஒரு தடவை போய்ப் பாரு. பிடிக்கலைன்னா அப்புறம் ஆட்டை வித்துக்கலாம்" என்றேன்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வசதி உள்ளவர்கள் போகட்டும். 'நாலு பேர்' வாய்க்குப் பயந்து கடன் வாங்கிப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அந்த நாலு பேர் வந்து அடகை மீட்டுத் தரப் போவதில்லையே!

கட்டிடம் வந்தது, கதவு திறந்தது எப்போது?

என் மாமியார் ஐந்து பிள்ளைகளையும் வீட்டு உள்ளறையில் பெற்றவர். துணைக்கு ஒரு மருத்துவச்சிப் பாட்டி, வெந்நீர், வேப்பெண்ணெய் விளக்கு, அவ்வளவுதான். ஐந்தில் இரண்டு தங்கவில்லை. அந்தக் காலத்தில் இது எந்த வீட்டிலும் அதிசயம் இல்லை.

கிராமத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1946ல், போர் கமிட்டி என்ற குழு 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1952ல் இருந்து நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. பிற்பாடு சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்று கணக்கு வகுத்தார்கள். மலைப் பகுதியில் இது 20,000, 3,000.

ஆனால் கட்டிடம் எழும்பினால் போதுமா? பிரசவ வலி நேரம் பார்த்தா வருகிறது? நடுராத்திரியில் வலி எடுத்து வண்டி கட்டிக்கொண்டு போனால், கதவு சாத்தியிருக்கும். பார்த்தவர்கள் சொன்ன கதைகள் ஏராளம்.

இதை மாற்றியது பெரிய கட்டிடம் அல்ல, மூன்று நர்சுகள்! 2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆரம்பமான பிறகு, தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறை வைத்து வேலை பார்க்க மூன்று நர்சுகளைப் போட்டார்கள். 24 மணி நேரமும் யாராவது ஒருவர் இருப்பார். நிதி சரியான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் புது அடுப்பு வாங்கி வைத்தால் சோறு வெந்துவிடுமா? அடுப்படியில் நிற்க ஓர் ஆள் வேண்டாமா?

மருந்திலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக விலை பேசி வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம். அதில் எழுதிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். நம் ரேஷன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது மளிகைக்கடைக்குப் போகும் நமக்குத் தெரியாததா?

பலன் என்ன?

1998-99ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 79 பிரசவங்கள்தான் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 99.6. நாடு முழுவதும் பார்த்தால் 88.6. தாய்மார் சாவுக் கணக்கைப் பாருங்கள். 2018-20ல் லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. குறைவுதான். ஆனால் அந்த 54 பேரும் யாரோ ஒரு வீட்டு மகள், யாரோ ஒரு வீட்டு மருமகள் இல்லையா? அதனால் 'போதும்' என்று உட்கார்ந்துவிட முடியாது.

உங்கள் கைக்கு வரும் பணம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987ல் ஆரம்பித்தது. 2006ல் 6,000 ரூபாய், 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று உயர்ந்தது. இந்த 18,000ல் 14,000 ரொக்கம். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பணம் ஒரே தடவையாக வராது, தவணை தவணையாக வரும்.

இதற்கு முதல் வேலை, கர்ப்பம் என்று தெரிந்ததும் மூன்று மாதம் முடிவதற்குள் கிராம சுகாதார நர்சிடம் பதிவு செய்வது. "நாள் தள்ளிப் போனதை இப்பவே வெளியில சொல்லாதே, கண்ணு பட்டுடும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் பக்கம் நிறைய. ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவுக்குச் சொல்லுங்கள்! அப்போதுதான் ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் ஆரம்பத்திலேயே பார்க்க முடியும். பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

மாதா மாதம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர் பரிசோதனை உண்டு. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். காலண்டரில் இந்த நாட்களைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ரத்தப் போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108. 2008ல் இருந்து தமிழ்நாட்டில் ஓடும் இந்த வண்டிக்குக் காசு கிடையாது. சின்ன ஆஸ்பத்திரியில் முடியாததற்கு ஆபரேஷன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். எங்கள் பக்கத்துக்கு மேட்டூர் அரசு மருத்துவமனை, அதற்கும் மேலே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

கேட்டால்தான் கிடைக்கும்

ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 25,000 ரூபாய் என்று, சில்லறைத் தேவைகளுக்காகவே ஒரு நிதி வைத்தார்கள். கிராமத்துச் சுகாதாரக் குழுவுக்கும் தனியாக 10,000. குழாய் ரிப்பேர், திரைச்சீலை, பல்பு என்று மேலிடத்துக்கு எழுதிக் காத்திருக்காமல் உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளத்தான் இது. அப்புறம் 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, நாடு முழுமைக்கும் உள்ளாட்சிகள் மூலமாகச் சுகாதாரத்துக்கென்று 70,051 கோடி ரூபாய் பரிந்துரை செய்தது. கட்டிடம் இல்லாத துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டிடம், ரத்தப் பரிசோதனை வசதி இவையெல்லாம் அதில் அடங்கும்.

இவ்வளவு நிதி இருந்தும் சில இடங்களில் குறை இருக்கிறதே, ஏன்? எங்களுக்கு அடுத்த ஒரு கிராமத்தில் துணை சுகாதார நிலையத்துக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. சோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய நிலைமை. 'யாராவது சொல்வாங்க' என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். கடைசியில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து கிராம சபையில் எழுந்து கேட்டார்கள். முதல் கூட்டத்தில் 'பார்க்கலாம்' என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே எட்டுப் பேர் போய் நின்றார்கள். குழாய் வந்துவிட்டது. வாசலுக்கு விளக்கு இன்னும் வரவில்லை. அவர்களும் விடுவதாக இல்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். இவற்றைக் கேளுங்கள்:

* ராத்திரியில் நர்ஸ் இருக்கிறாரா? மூன்று பேரில் எத்தனை இடம் காலி?
* சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தட்டாமல் கிடைக்கின்றனவா?
* கழிப்பறையில் தண்ணீர், பிரசவ அறையில் மின்சாரம் இருக்கிறதா?
* இந்த வருடம் வந்த நிதி எவ்வளவு, எதற்குச் செலவானது, மீதி எவ்வளவு?

நாலாவது கேள்விதான் முக்கியம். வந்த நிதியைச் செலவழித்துக் கணக்குக் கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். கேட்பார் இல்லாத ஊரில் பணம் பெட்டியிலேயே தூங்கும், குழாயும் சொட்டாது!

சண்டை போடச் சொல்லவில்லை. நர்சம்மாவும் நம்மைப் போல் வீடும் பிள்ளைகளும் உள்ள பெண்தான். நாம் கேட்கும் குழாயும் விளக்கும் அவருக்கும் சேர்த்துத்தான். பல சமயம் அவரே கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பார். பின்னால் ஊரே நிற்கிறது என்றால் அவருக்கும் தெம்பு வரும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பட்ஜெட்டில் எழுதிய கோடியும் அப்படித்தான். அதைக் கறியாக்கும் கை நம்முடையது. அடுத்த கிராம சபை என்றைக்கு என்று இன்றே காலண்டரைப் பாருங்கள். உங்கள் ஊரில் என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகளுக்கும் உதவுமே!